வானலையில் கிராமத்துப் பெண்ணின் குரல்

(மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் கிராம நலப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இக்கூட்டத்தில் சென்ற ஆண்டு எத்தனை பிரசவங்கள் நடந்தன, எத்தனை கண் அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன, வார்டு பழுதுபார்ப்புக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கூறுவோம். அந்தக் கணக்கு அச்சிடப்பட்டு உங்கள் நாற்காலிகளின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் எங்களுக்குத் தரப்பட்ட இந்த நேரத்தில் வானொலியைக் குறித்துப் பேச விரும்புகிறோம். மருத்துவமனைக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும்.

சம்பந்தம் உண்டு. கிராமத்து மருத்துவமனைகளில் பணிபுரியும் எவரும் அறிந்த காரியம் ஒன்றைச் சொல்லுகிறோம். வெளிநோயாளர் பிரிவுக்கு ஓர் இளம்பெண் வருவாள். "என்னம்மா செய்கிறது?" என்று டாக்டர் கேட்பார். பதில் மாமியாரிடமிருந்து வரும். மாமியார் வராவிட்டால் கணவனிடமிருந்து வரும். அந்தப் பெண் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை இறக்கம், மார்பில் ஒரு கட்டி, இவற்றைக் குறித்து அவளாக வாய் திறப்பதற்குள் நோய் முற்றிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை நாம் கொடுத்தனுப்பலாம். வாய்விட்டுப் பேசும் தைரியத்தை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாது. வீட்டிலும் ஊர்க் கூட்டத்திலும் பேசிப் பழகாத பெண், டாக்டரின் மேசைக்கு முன்னால் மட்டும் எப்படிப் பேசுவாள்?

இந்தக் கேள்விக்கு நல்லதொரு பதிலை டாக்டர்கள் அல்லாத சிலர் கண்டிருக்கிறார்கள். அதற்காக நாம் தெலுங்கானாவுக்குப் போகவேண்டும்.

ஹைதராபாத்திலிருந்து மேற்கே மும்பை நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் ஜஹீராபாத் வரும். முன்பு ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் இருந்தது. இப்பொழுது சங்காரெட்டி மாவட்டம். வானம் பார்த்த பூமி. சோளம், துவரை, தினை, சாமை விளையும். இப்பகுதியில் 1980-களிலிருந்து டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் அமைப்பு ஏழைப் பெண்களின் சங்கங்களோடு வேலை செய்து வருகிறது. சுமார் 75 கிராமங்கள், ஏறத்தாழ 5000 பெண்கள். அவர்களில் மிகுதியானவர்கள் தலித் பெண்கள். கூலி வேலை செய்தவர்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள். தரிசாய்க் கிடந்த நிலத்தைத் திருத்தினார்கள். ஒரே வயலில் பத்துப் பதினைந்து வகைப் பயிர்களைக் கலந்து விதைத்தார்கள். விதையை விலைக்கு வாங்காமல் பானையிலும் கூடையிலும் சேர்த்து வைத்தார்கள்.

இப்படி நிலமும் விதையும் கைக்கு வந்தபின் அப்பெண்கள் விரும்பியது ஒரு வானொலி. இது நமக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் சற்று யோசித்தால் நியாயம் விளங்கும். எழுத்தறியாதவளுக்குப் பத்திரிகையால் பயனில்லை. ஊரிலுள்ள வானொலிப் பெட்டியோ ஹைதராபாத்திலிருந்து பேசிற்று. அதன் தெலுங்கு படித்தவர்களின் தெலுங்கு. ஜஹீராபாத் பெண்கள் பேசுவது உருதும் கன்னடமும் மராத்தியும் கலந்த எல்லைப்புறத் தெலுங்கு. வேளாண்மை நிகழ்ச்சியிலே எந்த உரம் போடவேண்டும், எந்த மருந்து தெளிக்கவேண்டும் என்று சொல்வார்கள். சாமையைப் பற்றி யார் பேசினார்கள்?

யுனெஸ்கோவின் உதவியோடு மச்னூர் என்னும் கிராமத்தில் 1998-இல் ஒலிப்பதிவு நிலையம் ஒன்று தயாராயிற்று. கட்டிடம் இருந்தது, கருவிகள் இருந்தன, பேசப் பெண்கள் இருந்தார்கள். ஒலிபரப்ப உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. அக்காலத்தில் வானலைகள் முழுவதும் அரசாங்கத்தின் வசம் இருந்தன. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்குப் பின்னர் ஏலத்தில் இடம் கிடைத்தது. பணமில்லாத ஏழைச் சங்கத்துக்கு எந்த வாசலும் திறக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். இந்தியாவில் இந்த வாசலைத் திறந்து வைத்தது கிரிக்கெட் ஆட்டம். 1993-ஆம் ஆண்டு ஹீரோ கோப்பைப் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் வழக்கு ஏற்பட்டது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வழங்கியபோது, வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று கூறியது. அது அரசாங்கத்தின் தனியுரிமையும் அல்ல, பணம் படைத்தவர்களின் தனியுரிமையும் அல்ல என்பது அதன் பொருள். மட்டைக்கும் பந்துக்கும் நடந்த சண்டையில் மச்னூர்ப் பெண்களுக்கு நியாயம் பிறந்தது!

தீர்ப்பு வந்தது, உரிமம் வர இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அரசாங்கம் 2002-இன் முடிவில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி அளிக்க முன்வந்தது. அதன்படி முதலாவது தொடங்கியது நமது சென்னையில்தான்: அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1 அன்று. பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது கிராமத்துச் சங்கத்துக்குக் கிடைக்க 2006 நவம்பர் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படித்தவர்களை நம்புவது அரசாங்கத்துக்கு எளிதாயிருந்தது என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்தப் பத்தாண்டுகளில் மச்னூர்ப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதே எங்களை அதிகமாகத் தொட்ட பகுதி. அவர்கள் நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பேச்சும் பாட்டும் பதிவு செய்தார்கள். அந்தக் கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். ஒரு கிராமத்துப் பெண் விதையைச் சாம்பலிலும் வேப்பிலையிலும் போட்டு வைக்கும் முறையைச் சொல்லுவாள். வேறு கிராமத்துப் பெண்கள் கேசட்டில் அதைக் கேட்டுத் தங்கள் முறையைச் சொல்லுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கான மணி நேரம் சேர்ந்தது. தன் குரலை முதன்முறையாக ஒரு பெட்டியிலிருந்து கேட்கும் பெண் முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். பிறகு, "மறுபடியும் போடு" என்பாள். ஒலிப்பதிவு வேலையில் பழகிய எவரும் இதைக் கண்டிருப்பார்கள். தான் சொன்னதும் கேட்கத்தக்கதுதான் என்னும் எண்ணம் அப்போது பிறக்கிறது.

கடைசியாக 2008 அக்டோபர் 15-ஆம் தேதி, உலகக் கிராமப்புற மகளிர் நாளன்று, சங்கம் ரேடியோ 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவில் தன்னார்வ அமைப்பொன்றின் மூலம் மக்களே நடத்திய முதலாவது சமுதாய வானொலி இது. தொடங்கி வைத்தவர், 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளுள் ஒருவரான பி.பி. சாவந்த்.

நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர்கள் இரண்டு இளம் தலித் பெண்கள். இருவர் பெயரும் நரசம்மா. குழப்பம் வராதிருக்க ஒருவரை ஜெனரல் நரசம்மா என்றும் மற்றவரை ஊர்ப் பெயர் சேர்த்து அல்கோல் நரசம்மா என்றும் அழைத்தார்கள். இருவரும் அந்த அமைப்பு நடத்திய பச்சசாலை என்னும் பள்ளியில் படித்தவர்கள். பேசுவது, பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, ஒலிபரப்புவது எல்லாம் அவர்கள் கையில். பொறியாளர் யாரும் பக்கத்தில் நின்று பொத்தானைக் காட்டவில்லை.

ஒலிபரப்பு நேரம் மாலை 7 மணி முதல் 9 மணி வரை. இதை முடிவு செய்தவர்கள் பெண்களின் நாளை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பகலெல்லாம் வயலில்; பொழுது சாய்ந்தபின் அடுப்படியில். கை வேலை செய்யும்போதே காது கேட்கலாம். படத்தைப் பார்க்க உட்காரவேண்டும், வானொலிக்கு உட்காரவேண்டியதில்லை. நிகழ்ச்சிகளில் நாற்றுப் பாட்டும் களைப் பாட்டும் உண்டு, விதை உண்டு, உணவு உண்டு, மூலிகை உண்டு, பெண்களின் உடல்நலம் உண்டு, மறந்துபோன பிள்ளை விளையாட்டுகளும் உண்டு. சுற்றிலும் சுமார் 100 கிராமங்களை அது எட்டியதாகக் கூறுவார்கள். கருவி பெரிதென்று எண்ணவேண்டாம். பொதுவாக ஒரு சமுதாய வானொலியின் ஒலிபரப்புக் கருவி 50 வாட். கம்பத்தின் உச்சியில் வெளிப்படும் சக்தி 100 வாட்டுக்கு மேற்படக்கூடாது. கம்பத்தின் உயரம் 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரத்தைத்தான் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் நாட்டுக் கிராமங்களில் தலித் பெண் பெரிய வீட்டின் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். அலைவரிசைக்குச் சாதி தெரியாது. பெட்டியைத் திருகினால் அதே பெண்ணின் குரல் கூடத்துக்குள் நிற்கிறது, அனுமதி கேளாமல். இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாங்கள் கூறமாட்டோம். ஆனால் அவளுடைய விதை அறிவு வேண்டியிருக்கும்போது, அவள் பெயரைச் சொல்லி அதைக் கேட்கவேண்டிய நிலை ஏற்பட்டதே, அது சிறிய காரியமா?

நமக்கு அருகிலும் ஒரு உதாரணம் உண்டு. கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துப் புதிகோட்டையில், உரிமம் கிடைக்காத காலத்திலேயே, 2003-இல் "நம்ம த்வனி" என்ற பெயரில் கேபிள் டி.வி. கம்பி வழியாகவே வானொலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். சுயஉதவிக் குழுப் பெண்களே நிகழ்ச்சி செய்தார்கள். ஆகாயம் மூடியிருந்தால் கம்பி போதும் என்று துணிந்தது பாராட்டத்தக்கது.

இனி, கஷ்டங்களையும் கூறவேண்டும். இன்று நாட்டில் ஏறத்தாழ 500 சமுதாய வானொலிகள் உள்ளன. அவற்றில் மிகப் பல கல்லூரிகளின் வசம் இருக்கின்றன. ஏழைப் பெண்களே நடத்துபவை அத்தனை இல்லை. செய்திகளைத் தாமாகத் தயாரித்து ஒலிபரப்ப இவற்றுக்கு அனுமதியில்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துக் கொடுக்கலாம். தன் ஊர் ஊராட்சியில் நடந்ததைச் செய்தியாகச் சொல்லக்கூடாது, டெல்லியில் நடந்ததைச் சொல்லலாம் என்பது எங்களுக்கு விளங்காத நியாயம். அதைவிடப் பெரிய கஷ்டம் மாதாந்தரச் செலவு. கருவி வாங்க உதவுகிறவர்கள் உண்டு. கல்வெட்டில் பெயரும் பொறிக்கலாம். மின்கட்டணத்துக்கும், பழுதான மைக்குக்கும், இரவு 9 மணிக்குப் பின் வீடு திரும்பும் பெண்ணுக்கு ஆட்டோ கட்டணத்துக்கும் யாரும் கல்வெட்டு கேட்பதில்லை. டெக்கான் சொசைட்டியை வழிநடத்திய பி.வி. சதீஷ் அவர்கள் தூர்தர்ஷனில் பணிபுரிந்து, அதை விட்டு இந்தப் பெண்களிடம் வந்தவர். 2023 மார்ச்சில் மறைந்தார். ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகள் நிலைத்து நின்றதால் நடந்த வேலை இது. ஓராண்டு திட்டத்தில் நடக்கிற வேலையல்ல.

நம்மைப் போன்ற மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு சோதனையும் உண்டு. மைக் கிடைத்தால் உடனே, "கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தடுப்பூசி போடுங்கள்" என்று அறிவிப்புச் செய்யத் தோன்றும். அவையெல்லாம் நல்ல அறிவிப்புகளே. ஆனால் அவற்றைச் சொல்லுவதற்கு ஒலிபெருக்கி கட்டிய ஜீப் போதுமே. பெண்கள் தாங்களே கேள்விகளை வைத்து, நம்முடைய நர்ஸ் அம்மாவை விருந்தாளியாக உட்காரவைத்து, "பிரசவ வார்டில் ஏன் எங்களை அதட்டுகிறார்கள்?" என்று முதலில் கேட்கட்டும். அந்தக் கேள்வி வெளிவந்தால் மார்பிலுள்ள கட்டியைப் பற்றிய கேள்வியும் வெளிவரும் என்று நம்புகிறோம்.

ஆகையால் இன்று உங்களிடம் கம்பமும் ஒலிபரப்புக் கருவியும் கேட்க நாங்கள் வரவில்லை. உரிமம் பெறுவதற்கு மனுப்போட்டுக் காத்திருக்கவேண்டும். பதிவு செய்து மூன்று ஆண்டுகளாவது வேலை செய்த அமைப்பாக இருக்கவேண்டும். அதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். மச்னூர்ப் பெண்கள் செய்தபடியே தொடங்க விரும்புகிறோம். நல்ல ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டு, கேட்பதற்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் நான்கு, இரண்டு பெண்களுக்கு ஓராண்டு மதிப்பூதியமும் பஸ் கட்டணமும். எதைப் பதிவு செய்வது, எதை வெளியே போடக்கூடாது என்பதை மகளிர் குழுக்களே தீர்மானிக்கும். ஒரு பெண் நம்பிச் சொன்னது அவள் சம்மதமின்றி அடுத்த ஊருக்குப் போகாது. மருத்துவமனையைப் பற்றிய குறைகள் அதில் வரும்; அவற்றை வெட்ட எங்களுக்கு அதிகாரமிருக்காது. நிர்வாகக் குழு இதற்குச் சம்மதித்திருக்கிறது, நீண்ட விவாதத்துக்குப் பின்னர்.

செலவு விவரம் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. காபி வேளை நெருங்கிவிட்டது. உங்கள் கேள்விகளைச் சிறு தாள்களில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். இடைவேளைக்குப் பின் எங்கள் கிராம நல ஊழியர்களான சகோதரிகளே மேடைக்கு வந்து பதில் சொல்லுவார்கள்.