அப்பா கொடுத்த பதவி, மக்கள் எழுதிய பெயர்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு பெண் பதவிக்கு வந்துவிட்டால் நாம் எல்லோரும் கேட்டிருக்கும் பேச்சு ஒன்று உண்டு. "அவ எங்க ஜெயிச்சா? அவங்க அப்பா பேர்ல வந்தவ தானே!" அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு உண்டு. அதைக் காதாரக் கேட்டு, எட்டு வருடம் கழித்துப் பதில் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி இன்று பேசுவோம். அவர் பெயர் லிசா முர்கோவ்ஸ்கி.

அவருடைய ஊர் அலாஸ்கா மாநிலம். பனி கொட்டும் பூமி. பரப்பளவில் இந்தியாவில் பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் மக்கள் தொகை 7 லட்சம் சொச்சம் தான். பல கிராமங்களுக்கு ரோடே கிடையாது. சின்ன விமானத்திலோ படகிலோ தான் போகணும்.

அமெரிக்காவில் செனட் என்று ஒரு சபை இருக்கிறது. மாநிலத்துக்கு 2 பேர், மொத்தம் 100 பேர். மக்களே ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். பதவிக்காலம் 6 வருடம். லிசாவின் அப்பா பிராங்க் முர்கோவ்ஸ்கி 1981 முதல் அங்கே உறுப்பினர். 2002-இல் அவர் அலாஸ்காவின் ஆளுநராக ஜெயித்தார். அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி. அவருடைய செனட் இடம் காலியானது. அந்த இடத்துக்கு ஆள் போடும் அதிகாரம் ஆளுநருக்கு. அவர் யாரைப் போட்டார் தெரியுமா? சொந்த மகளையே போட்டார்!

லிசா ஒன்றும் தெரியாதவர் இல்லை. சட்டம் படித்த வக்கீல். 1998 முதல் மாநில சபைக்குத் தேர்தலில் ஜெயித்து வந்தவர். ஆனாலும் மக்களுக்குக் கோபம். கோபம் நியாயம் தானே? 2004-இல் மக்கள் ஓட்டுப் போட்டு, அந்த அதிகாரத்தையே ஆளுநரிடமிருந்து எடுத்தார்கள். அதே நாளில் நடந்த செனட் தேர்தலில் லிசா குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். 2006-இல் அப்பா மறுபடி ஆளுநருக்கு நிற்கப் பார்த்தார். சொந்தக் கட்சித் தேர்தலிலேயே மூன்றாவது இடம் தான் கிடைத்தது. அப்பா பேர் அப்பாவையே காப்பாத்தலை.

அடுத்த சோதனை 2010-இல் வந்தது. அப்போது அங்கே கட்சி வேட்பாளர் யார் என்பதற்கும் முதலில் ஒரு தேர்தல் நடந்தது. அதில் ஜோ மில்லர் என்பவரிடம் லிசா சுமார் 2,000 ஓட்டில் தோற்றுவிட்டார். கட்சித் தலைவர்கள் மில்லர் பக்கம் நின்றார்கள். ஓட்டுச் சீட்டில் லிசா பெயர் அச்சாகாது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. சீட்டில் ஒரு காலி இடம் இருக்கும். அதில் வாக்காளர் தன் கையால் பெயரை எழுதி, பக்கத்தில் உள்ள வட்டத்தையும் நிரப்பினால் அந்த ஓட்டு செல்லும். 1954-க்குப் பிறகு இந்த முறையில் யாரும் செனட்டுக்கு ஜெயித்ததில்லை. லிசா துணிந்து இறங்கினார்.

முர்கோவ்ஸ்கி என்பது ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அந்த ஊர்க்காரர்களுக்கே தப்பில்லாமல் எழுதுவது கஷ்டம். அதனால் பெயரை எப்படி எழுதுவது என்று டி.வி. விளம்பரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் அச்சடித்த கைவளையம் கொடுத்தார்கள். பூர்வகுடி மக்களின் அமைப்புகளும் துணைக்கு வந்தன.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவர் பெயரைக் கையால் எழுதினார்கள். மில்லருக்குக் கிடைத்தது 90 ஆயிரம் சொச்சம். "எழுத்துப் பிழை இருக்கிறது, செல்லாது" என்று 8,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளுக்கு மில்லர் தரப்பு ஆட்சேபம் சொன்னது. அவற்றைக் கழித்தாலும் லிசா தான் முன்னால் இருந்தார். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் எழுத்துப் பிழைக்காக ஓட்டைத் தள்ளக்கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமும் சொன்னது.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட நாளில், ஒரு எழுத்து தப்பானதற்கு வெட்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் தீர்ப்பு நமக்கும் சொன்ன மாதிரி இருக்கிறது, இல்லையா?

அதன் பிறகு லிசா கட்சி சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. 2017-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் முயற்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவர் கட்சியில் அப்படிச் செய்தவர்கள் 3 பேர் தான். 2021-இல் டிரம்ப் மீதான விசாரணையிலும் சொந்தக் கட்சிக்காரரான டிரம்ப்பைக் குற்றவாளி என்று ஓட்டுப் போட்டார். அவர் முடிவுகள் சரியா தப்பா என்று அங்கே இன்றும் சண்டை உண்டு. ஆனாலும் 2016-இலும் 2022-இலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

சகோதரிகளே, அந்த ஒன்பது எழுத்தும் அப்பாவிடமிருந்து வந்த பெயர் தான். 2002-இல் அதை எழுதிக் கொடுத்தது அப்பா. 2010-இல் எழுதியது மக்கள். இரண்டுக்கும் நடுவில் எட்டு வருட வேலை இருக்கிறது. பதவிக்கு எந்த வழியில் வந்தோம் என்ற கேள்விக்கு நம்மால் வாயால் பதில் சொல்ல முடியாது. வேலையால் தான் சொல்ல முடியும்.

இன்றைக்கு நம் குழுத் தலைவியின் பெயர் சீட்டில் அச்சாகவில்லை என்றால், நாம் அதைக் கையால் எழுதுவோமா? தலைவிகளும் உறுப்பினர்களும் அடுத்த குழுக் கூட்டத்தில் இதை மனம் விட்டுப் பேசுங்கள்.