தவறணையில் ஒரே இனம் போதுமா?



விதைத் தேயிலையில் ஒரு செடியைப்போல் மற்றொன்று இராது. வெட்டுத்துண்டால் வளரும் வீ.பி. தேயிலையோ தாய்ச்செடியின் அச்சாகும். மலை முழுதும் ஒரே இனமாயின், ஒரு செடியை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தவல்லது. 1869 இல் தோன்றிய துருநோய் கோப்பியை அழித்தது. 1946 இல் கொப்புள நோய் தேயிலையிற் புகுந்தது.

பெயர் வேறாயின் இனமும் தூரமென்று மயங்கற்க. டி.ஆர்.ஐ. 2023 உம் 2025 உம் ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாய்வழியின. இலையைப் பார்த்து இவ்வுறவை அறிதல் அரிது. கொழுந்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, குறித்த சில இடங்களை இனத்துக்கினம் ஒப்பிட்டால் உறவு வெளிப்படும்.

ஆகவே நாற்று வாங்குமுன் தாய்வழியைக் கேளுங்கள். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்குமுன், நோயையும் வரட்சியையும் தாங்கிய செடிகளைக் குறித்துவைத்து, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாருக்கு அறிவியுங்கள்.