விளக்கொளிப் பயிரும் வெப்பமும்
(உரையின் எழுத்து வடிவம்)

2024 டிசம்பர் 30 அன்று விண்ணில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவுகலத்தின் நான்காம் கட்டத்தில் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. அதனுள் 8 காராமணி விதைகள் இருந்தன. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய அப்பெட்டியில் விதைகள் 4 நாட்களில் முளைத்தன. பின்னர் இலைகளும் விரிந்தன. எடையற்ற நிலையில் சூடான காற்று தானாக மேலெழுவதில்லை. ஆகவே ஒளி, நீர், உரம் ஆகியவற்றோடு வெப்பக் கட்டுப்பாடும் அப்பெட்டியின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

விண்ணில் மறவாத இவ்வேற்பாட்டை, வீட்டு அறையில் விளக்கொளியில் கீரையும் நாற்றும் வளர்க்க முற்படுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். எல்.இ.டி. விளக்கு குளிர்ச்சியானது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்விளக்கு உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி நேரடியாக வெப்பமாகிறது. எஞ்சியது ஒளியானாலும், இலையிலும் சுவரிலும் பட்டு அதுவும் பெரும்பாலும் வெப்பமாகவே முடிகிறது. பயிர் உணவாகச் சேமிப்பது மிகச் சிறு பங்கே.

எனவே 1,000 வாட் விளக்குகள் எரியும் அறை, 1,000 வாட் அடுப்பு எரியும் அறைக்கு ஒப்பாகும். இவ்வெப்பத்தைக் காற்றினால் மட்டுமே வெளியேற்றி, அறையின் வெப்பநிலை வெளிக்காற்றைவிட 5 பாகை செல்சியசுக்கு மேல் உயராமல் காக்க, மணிக்குச் சுமார் 600 கன மீட்டர் காற்று மாற வேண்டும். சூடான காற்று மேலே தங்குவதால், வெளியேற்று விசிறி சுவரின் உச்சியிலும், காற்று நுழையும் வழி எதிர்ச்சுவரின் அடியில் நிழலான பக்கத்திலும் அமைதல் நலம். அறைக்குள் சுழலும் மேசை விசிறி இலைகளைச் சுற்றியுள்ள காற்றை அசைக்குமேயன்றி, வெப்பத்தை வெளியேற்றாது.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிக்காற்றைவிட அறையை அது குளிர்விக்க இயலாது. திருவனந்தபுரத்தில் மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் வெளியிலேயே 33 பாகை அளவில் வெப்பம் நிலவுகிறது. அதனுடன் 5 பாகை கூடினால் கீரை வாடும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், நனைந்த திரை வழியே காற்றைக் குளிர்விக்கும் முறையும் இங்கு அதிகம் பயன்தராது. செலவில்லாத வழி ஒன்று உண்டு. 16 மணி நேர ஒளி வேண்டும் பயிருக்கு மாலை 6 மணிக்கு விளக்கேற்றிக் காலை 10 மணிக்கு அணைத்தால், இருள் வேளை நண்பகல் வெப்பத்தோடு பொருந்திவிடும். விளக்கின் வெப்பத்தை இரவின் தண்மை ஏற்றுக்கொள்ளும்.

திசு வளர்ப்புக் கூடங்களின் நிலை வேறு. அங்கு நுண்ணுயிர்கள் புகாதிருக்க அறை மூடப்படுகிறது. வெப்பநிலையை 25 பாகை அளவில் காக்கக் குளிர்சாதனமே தேவைப்படுகிறது. சிறு தொழில் முனைவோர் அனைவருக்கும் அச்செலவு இயல்வதன்று.

ஆகவே, கடன் கோரும் திட்ட மதிப்பீட்டில் விளக்கின் விலையை மட்டும் கண்டு ஒப்புதல் அளித்தல் போதாது. அதன் வெப்பம் எவ்வழியே வெளியேறும் என்னும் வினாவை அலுவலர் முதலிலேயே எழுப்ப வேண்டும். அவ்வினாவுக்கு விடை இல்லாத அறையில் முதற்கோடையிலேயே பயிர் அழியும். கடன் மட்டும் எஞ்சும்.