அப்பாவின் விலாசம் 99 ஏ.பி.ஓ.

(ஜபல்பூரில் நம் சங்க அன்பர்கள் கூடிய நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் தகப்பனார் காலமாகி ஒரு வருஷம் பூர்த்தியாகிறது. ஆப்திகத்துக்காகப் புனேயிலிருந்து வந்த இடத்தில், "நாலு வார்த்தை பேசிவிட்டுப் போ" என்று காரியதரிசி மாமா சொன்னார். அப்பாவை இங்கே எல்லோருக்கும் தெரியும். அமாவாசை தவறாமல் குவாரிகாட்டில் நர்மதைக் கரையில் தர்ப்பணம் செய்கிறவர், ராமநவமிக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவர் என்று தெரியும். ஆனால் 43 வயது வரை அவர் எங்கெங்கே இருந்தார், எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கே பதினொரு வயது வரை சரியாகத் தெரியாது.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் 1938-ல் பிறந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ். வேலை கிடைக்கவில்லை. கீழே இரண்டு தங்கைகள், கடைசியாக ஒரு தம்பி. 1957-ல் திருச்சிக்குப் போய் ராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். பாட்டி மூன்று நாள் சாப்பிடவில்லையாம். பட்டாளத்துக்குப் போன பிள்ளைக்கு ஆசாரம் ஏது என்று அக்ரஹாரமே பேசியதாம். மாதம் பிறந்தால் மணியார்டர் வர ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு தானாக நின்றுவிட்டது.

சிக்னல்ஸ் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி இதே ஜபல்பூரில்தான். மோர்ஸ் சாவியில் அவர் கை வேகம் பெயர் பெற்றது. வயதான பிறகும், யோசனையில் இருந்தால் நாற்காலிக் கையில் விரல் தட்டிக்கொண்டிருக்கும்.

1962 அக்டோபர் 20-ம் தேதி சீனப் படை தாக்கியபோது, அப்பா அஸ்ஸாமில் தேஜ்பூரில், நான்காவது கோர் தலைமையகத்தில் இருந்தார். அந்த வருஷம் தீபாவளி கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஊரில் தாத்தா காலமானார். தந்தி கொடுத்தார்கள். நவம்பர் 18, 19-ல் போம்டிலா விழுந்தது. தேஜ்பூர் ஊரே காலியானது. தலைமையகம் குவாஹாட்டிக்குப் போயிற்று. 21-ம் தேதி சீனா போர் நிறுத்தம் அறிவித்தது. அதன் பிறகுதான் தந்தி அப்பா கைக்கு வந்து சேர்ந்தது. பகலும் இரவும் மற்றவர்கள் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தவருக்குத் தன் வீட்டுச் செய்தி பதினைந்து நாள் கழித்துக் கிடைத்தது. அதற்குள் பன்னிரண்டு வயதுச் சித்தப்பா கொள்ளி வைத்து, பதிமூன்றாம் நாள் சுபமும் ஆகிவிட்டது. மூத்த பிள்ளை இருந்தும் இல்லாமல் போனான் என்று யாரோ பாட்டி காதுபடவே சொன்னார்களாம். தந்தி புறப்பட்ட தேதியும் வந்த தேதியும் அப்பாவுக்குக் கடைசி வரை மனப்பாடம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவர் சிராத்தம் விட்டதில்லை. சிக்கிமில், தண்ணீர் உறைந்து கிடக்கிற உயரத்தில் இருந்த வருஷங்களிலும் விடவில்லை. வாத்தியாருக்கும் ஹோமத்துக்கும் அங்கே எங்கே போவது? பனியை அடுப்பில் உருக்கி ஸ்நானம் செய்து, அரிசி, பருப்பு, தட்சிணை வைத்து ஹிரண்யமாக யூனிட் பண்டிட்ஜியிடம் கொடுத்துவிடுவார். வாழைக்காய்க்குப் பதில் உருளைக்கிழங்கு. இது சாஸ்திரப்படி சரியா என்று இங்கே உள்ள பெரியவர்கள் கேட்கலாம். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, இருந்தாலும் செய்தார். ஐப்பசி பிறக்கும் முன்பே அம்மா ஒரு கவரில் எள்ளும் நறுக்கிய தர்ப்பையும் மடித்து அனுப்புவாள். விலாசத்தில் அப்பாவின் நம்பர், பெயர், யூனிட், கடைசியில் 99 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். 99 ஏ.பி.ஓ. என்பது ஓர் ஊர் என்றும், அங்கே ரயில் போகும் என்றும் நானும் என் தங்கையும் வெகுநாள் நினைத்திருந்தோம்.

வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு. அந்த இரண்டு மாதத்தில் ஓடு மாற்றுவார், கிணற்றுக்குக் கயிறு வாங்குவார், அத்தைகளுக்கு ஜாதகம் தூக்கிக்கொண்டு அலைவார், என் ரேங்க் அட்டையை ஒரு வரி விடாமல் படிப்பார். காலை ஐந்து மணிக்கு எங்களை எழுப்பிவிடுவார். எப்போது திரும்பிப் போவார் என்று நான் நாள் எண்ணியிருக்கிறேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. 1970-ல் அவர் வந்து இறங்கியபோது இரண்டு வயதுத் தங்கை, "இந்த மாமா எப்போ போவார்?" என்று அம்மாவைக் கேட்டாள். அப்பா சிரித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். மறு வருஷம் டிசம்பர் யுத்தத்தின்போது அடுத்தாத்து ரேடியோவை விட்டு அம்மா நகரவே இல்லை.

1975-ல் ஜபல்பூருக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து அப்பாவும் அம்மாவும் முதல் முறையாகச் சேர்ந்து குடித்தனம் வைத்தார்கள். கேந்திரிய வித்யாலயாவில் ஹிந்தி தெரியாமல் நான் முழித்தபோது, தினம் டியூட்டி முடிந்து வந்து கூடவே உட்கார்ந்தார். 1981-ல் நாயிப் சுபேதாராக ஓய்வு. பிறகு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக 1996 வரை இருந்தார்.

அப்புறம் செய்த காரியம்தான் உங்களில் சிலருக்கே தெரியும். மண்டலா, நரசிங்பூர் கிராமங்களிலிருந்து ஜவான்களின் விதவைகள் ஒரு துணிப்பையோடு வருவார்கள். ராணுவ ஏட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர், பிறந்த தேதியே இல்லாத காகிதங்கள். அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஹிந்தியில் கேட்டு, இங்கிலீஷில் டைப் அடித்து, ரிக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புவார். ஒரு அம்மாளுக்காக மூன்று வருஷம் கடிதம் எழுதினார். பைசா வாங்கியதில்லை. யாரோ கொண்டுவந்த புது வெல்லத்தை மட்டும் அம்மா ஆசையாக வாங்கிக்கொள்வாள்.

இதில் ஒரு விஷயம், உங்களுக்கும் உபயோகப்படலாம். அந்த நாளில் ஓய்வு பெற்ற பலரின் பென்ஷன் உத்தரவில் மனைவி பெயர் இருக்காது. தனியாக விண்ணப்பித்துச் சேர்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் எழுதியவர், தம் உத்தரவை 2011-ல்தான் எடுத்துப் பார்த்தார். அம்மாவின் பெயர் இல்லை. யூனிட் ஏட்டில், கல்யாணத்தின்போது அவர் கொடுத்திருந்த வீட்டுச் செல்லப் பெயர். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார். அஃபிடவிட்டும் பள்ளிச் சான்றிதழும் வைத்து ஒன்றரை வருஷத்தில் சரி செய்தார். சென்ற வருஷம் அவர் போன பிறகு, அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருவதில் ஒரு தடங்கலும் இல்லை. உங்கள் வீட்டிலும் ராணுவத்தில் இருந்தவர்கள் இருந்தால் அந்தக் காகிதத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

கடைசி நாளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தகவல் கிடைத்து நான் விமானம் பிடித்து வந்தும், ஐந்து மணி நேரம் தாமதம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒரு நாள் போனில், "உன்னால வந்து சேர முடியலேன்னா மனசுல வெச்சுக்காதே. எனக்கு நடந்தது உனக்குப் பாரமா இருக்க வேண்டாம். திதியை மட்டும் விட்டுடாதே" என்று சொல்லியிருந்தார். அப்போது, "என்னப்பா இதெல்லாம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

பதிமூன்றாம் நாள் முடிந்து அவர் பையைத் திறந்தபோது இரண்டு பேரின் விண்ணப்பம் பாதியில் இருந்தது. ஒன்று தீபாவளிக்கு முன் முடிந்துவிட்டது. மற்றதில் அந்த அம்மாளின் கணவர் நம்பரில் ஓர் இலக்கம் தப்பு என்று கண்டுபிடித்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ரிக்கார்ட் ஆபீஸ் திறந்ததும் போகப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் டிக்கெட்டை அதற்காகத்தான் ரத்து செய்தேன்.