வெட்டுகிற கை ஒட்டவும் செய்யும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சுகாதாரப் பாடம் நடத்தும்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், கிருமின்னாலே கெட்டதுதானே?" "இல்லேம்மா" என்றேன். அவளுக்குச் சொன்ன பதிலையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம் தேயிலையே அதற்குச் சாட்சி.

1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் இந்தக் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். அன்று முதல் நம்மவர்கள் கொழுந்து எடுத்து வருகிறார்கள். ஆலையில் கொழுந்தை நசுக்கிப் பரப்பி வைத்தால், பச்சை மாறிச் செம்பழுப்பு ஆகிறதல்லவா? அது கிருமியின் வேலை அன்று. இலைக்குள்ளேயே இருக்கும் நொதி, காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. நொதியை என்சைம் என்றும் சொல்வார்கள். எல்லா உயிர்களிலும் நொதிகள் உண்டு. ஒன்று வெட்டும், ஒன்று ஒட்டும்.

தேயிலைக்கு இதமான ருசி தரும் பொருள்களில் ஒன்று தியானைன். 1949-இல் ஜப்பானில் சகாதோ என்ற ஆய்வாளர் இதைப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார். செடி இதைப் பெரும்பாலும் வேரில் உண்டாக்கிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. காய்ந்த தேயிலை 100 கிலோவில் இது ஏறக்குறைய 1 அல்லது 2 கிலோதான் இருக்கும். தனியே பிரித்தெடுக்கச் செலவு அதிகம்.

ஆகவே ஜப்பானிய அறிஞர்கள் பாக்டீரியாவின் உதவியை நாடினார்கள். சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவில் குளுட்டமினேஸ் என்ற நொதி உண்டு. குளுட்டமின் என்ற பொருளை வெட்டுவதே அதன் பிழைப்பு. வெட்டிய துண்டை வழக்கமாகத் தண்ணீரோடு சேர்த்துவிடும். அறிஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எத்திலமைன் என்ற பொருளை நிறையச் சேர்த்துக் கலவையைக் காரத்தன்மையில் வைத்தார்கள். நொதி அந்தத் துண்டை எத்திலமைனோடு ஒட்டிவிட்டது. ஒட்டியதும் கிடைத்தது தியானைன்! தேயிலை வேரில் உண்டாகும் அதே பொருள். இப்படிச் செய்த தியானைன் இன்று உணவில் சேர்ப்பதற்கு விற்பனையாகிறது.

நொதி அதேதான். அதற்குக் கொடுத்த பொருளும் வைத்த இடமும்தான் மாறின.

பெற்றோர்களே, "இவன் எதையாவது பிரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கான் டீச்சர்" என்று என்னிடம் குறைப்படுகிறீர்கள். பிரிக்கிற கைதான் ஒரு நாள் சேர்க்கவும் கற்கும். படிவம் நான்கில் பிள்ளை அறிவியல் எடுக்க ஆசைப்பட்டால், "நமக்கெல்லாம் அது சரிப்பட்டு வராது" என்று தயவு செய்து தடுக்காதீர்கள். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். தேயிலையை நம்மைவிட அதிகம் தொட்டவர் யார்? அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவரும் நம் லயத்துப் பிள்ளையாக இருக்கட்டுமே!

பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் வாழ்த்துகள்.