ஆட்டக்காரர் ஆசிரியரானபோது

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆலைச் சங்கொலியைக் கொண்டு பொழுதறிந்து வாழ்ந்த இந்தச் சிங்காநல்லூரில், திங்கள்தோறும் தமிழுக்கென்று ஒரு மாலையை ஒதுக்கி இவ்வட்டம் பத்தாண்டுகளைக் கடந்திருக்கிறது. இத்தகைய விழாவில் கவிஞர் ஒருவரைப் பற்றியோ காப்பியம் ஒன்றைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நானோ ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியனாக இருந்த எனக்கு, ஆசிரியத் தொழில் குறித்து எழுந்த ஐயம் ஒன்றை அவருடைய வாழ்க்கைதான் தெளிவித்தது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரைச் சீனாபுரத்தவர் என்று கொங்கு மரபு உரிமை கொண்டாடுகிறது. ஆசிரியராகத் தகுந்தவர் யார் என்று சொன்ன அவர், தகாதவர் யார் என்றும் நான்கு உவமைகளால் காட்டினார். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மடற்பனை. அதில் பழம் உண்டு. ஆனால் ஏறிப் பறிக்க இயலாது. தானே விழுந்தால்தான் உண்டு. மற்றொன்று பருத்திக் குண்டிகை. பஞ்சு அடைத்த அக்குடுக்கையிலிருந்து எதையும் எளிதில் வெளியே எடுக்க முடியாது. பஞ்சோடு பழகிய இவ்வூராருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நிறையக் கற்றவரெல்லாம் கற்பிக்க வல்லவர் அல்லர் என்பதே இவ்வுவமைகளின் உட்பொருள். கலையில் உச்சம் தொட்டவர் ஒருவர், அக்கலையைப் பிறர்க்கு அளிக்க முனைந்தால் என்ன நேர்கிறது? இதுவே என் வினா.

சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தவர் வரதராஜு சுந்தரமூர்த்தி. பதின்ம வயதிலேயே தேசியக் குழுவில் இடம்பெற்றார். பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் எதிரணியினர் இருவர் மூவர் சூழ்ந்தாலும் அதைப் பறிப்பது அரிது. கண்ணைக் கூசச் செய்பவர் என்னும் பொருள்பட ‘டாஸ்லர்’ என்றே மக்கள் அவரை அழைத்தனர். மலேசிய மாநிலக் குழுவான கெடாவுக்கு ஆடினார். 1989இல் சுவிட்சர்லாந்து சென்று, அந்நாட்டின் இரண்டாம் பிரிவில் அப்போது ஆடிக்கொண்டிருந்த எஃப்.சி. பாசல் கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் ஆசியர்கள் ஐரோப்பியக் கழகங்களில் அருகியே காணப்பட்ட அக்காலத்தில் அது பெருஞ்செயலே.

1993ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணப் போட்டியில் புரூணைக்கு எதிராக அவர் அடித்த ஒரு கோலைச் சிங்கப்பூர் மக்கள் இன்றும் பேசுகின்றனர். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர், உடலைக் காற்றில் கிடத்தி, தலைக்கு மேலாகப் பந்தை உதைத்து வலைக்குள் செலுத்தினார். ‘பைசிக்கிள் கிக்’ என்று அதனைச் சொல்வர். அவ்வாண்டு சிங்கப்பூர் இறுதியாட்டம் வரை சென்று, அவர் முன்பு ஆடிய அதே கெடாவிடம் 0-2 எனத் தோற்றது.

அடுத்த ஆண்டில்தான் அவருடைய வாழ்வின் பெரிய இழப்பு நேர்ந்தது. 1994இல் டக்ளஸ் மூர் என்பவர் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார். கட்டொழுங்கை முதன்மையாகக் கருதியவர் அவர். அக்குழு மலேசிய லீகையும் வென்றது; டிசம்பர் 17 அன்று ஷா ஆலம் அரங்கில் பகாங் அணியை 4-0 என வீழ்த்திக் கிண்ணத்தையும் வென்றது. சிங்கப்பூர்க் கால்பந்து வரலாற்றின் பொன்னாண்டு அது. அக்குழுவில் சுந்தரமூர்த்திக்கு இடமில்லை. நாட்டின் மிகச் சிறந்த கால்களுள் இரண்டு, நாட்டின் மிகச் சிறந்த வெற்றியை வெளியில் நின்று பார்த்தன. அதன்பின் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, 1996இல் தனக்கென எஸ்-லீகைத் தொடங்கியது.

இவ்விடத்தில் என் கதையொன்றைச் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் அருமையாகப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். எழுதிக் கொடுத்த உரையை அவன் ஒருநாளும் அப்படியே பேசியதில்லை. மேடையில் நின்றவுடன் புதிதாக ஒன்று தோன்றும். அதன் பின்னே போய்விடுவான். கேட்போர் மயங்குவர், நேரம் கடந்துவிடும். மாவட்டப் போட்டிக்கு முதல்நாள் அவனை விலக்கிவிட்டு, வரி பிசகாமல் ஒப்பிக்கும் வேறொருவனை அனுப்பினேன். கோப்பை கிடைத்தது. தலைமையாசிரியர் பாராட்டினார். விலக்கப்பட்டவன் அதன்பின் மேடையேறவே இல்லை. நான் செய்தது சரியா என்று நெடுங்காலம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுந்தரமூர்த்தியிடம் மீண்டும் வருகிறேன். ஜூரோங் கழகத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த பின், பயிற்சியே அவர் தொழிலாயிற்று. 2012இல் ‘லயன்ஸ்-12’ என்னும் குழுவைச் சிங்கப்பூர் அமைத்து மீண்டும் மலேசிய லீகிற்கு அனுப்பியது. அதன் பயிற்சியாளர் சுந்தரமூர்த்தி. முதலாண்டு இரண்டாமிடம். அடுத்த ஆண்டு, 2013 ஜூலை 2ஆம் நாள், ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைடெட் அணியை 4-0 என வென்று லீகைக் கைப்பற்றியது. 1994க்குப் பின் சிங்கப்பூர் அணியொன்று அப்பட்டத்தை வென்றது அப்போதுதான். ஆட்டக்காரராக அவருக்கு மறுக்கப்பட்டது, ஆசிரியராக அவருக்குக் கிடைத்தது.

ஆனால் நாம் கருத வேண்டியது வெற்றியை அன்று. அது வந்த வழியை. பெரிதும் இளைஞர்களைக் கொண்ட அக்குழுவின் வலிமை தற்காப்பில் இருந்தது. வரிசை கலையாமை, இடம் விட்டு அகலாமை, ஓயாது ஓடுதல் ஆகியவையே அவர் கற்பித்த பாடங்கள். தலைகீழாகப் பாய்ந்து கோலடித்தவர், பிள்ளைகளிடம் நின்ற இடத்தில் நிலைத்து நில் என்றார். தமக்கு இயல்பாய் வந்ததைப் பிறரிடம் எதிர்பார்க்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். தம் கலையை மறைத்து, மாணவருக்கு எது கைகூடுமோ அதைக் கொடுத்தார். மடற்பனையாக நின்றுவிடாமல், கை எட்டும் உயரத்திற்குத் தாழ்ந்து கொடுத்த மரம் அவர்.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 2016 மே மாதம் தேசியக் குழுவின் பயிற்சிப் பொறுப்பு அவருக்கு வந்தது. அவ்வாண்டு தென்கிழக்காசியக் கோப்பையில் சிங்கப்பூர் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்து, ஒன்றிலும் வெல்லாமல் வெளியேறியது. 2017 ஜூனில் அர்ஜென்டினாவிடம் 0-6 எனத் தோற்றது. வெல்ல முனையாமல் காத்துக்கொள்ளவே ஆடுகிறார் என்ற குறை எழுந்தது. நம்மை மகிழ்வித்த சுந்தரமா இப்படி என்று மக்கள் மனம் நொந்தனர். 2018 ஏப்ரலில் அவர் விலகினார். அவருடைய தலைமுறையின் மற்றொரு பெருவீரரான ஃபாண்டி அகமது அவ்விடத்திற்கு வந்தார்.

தோல்விக்கு அவர் பொறுப்பில்லை என்று நான் வாதிடவில்லை. 2013இல் பயன் தந்த தற்காப்பு, வலிய அணிகளின் முன் போதவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு தலைமுறை கண்ட கோல் நினைவில் நிற்பதுபோல, அடுத்த தலைமுறைக்கு அவர் கற்பித்த ஒழுங்கு நினைவில் நிற்பதில்லை. கோலடித்தவன் பெயர் பலகையில் ஏறும். நிற்கக் கற்றுக்கொடுத்தவன் பெயர் ஏறாது. ஆசிரியத் தொழிலின் இயல்பு இது.

இதெல்லாம் கடல்கடந்த கதை என்று எண்ண வேண்டாம். தேசியக் குழுவுக்குப் போகும்போது சுந்தரமூர்த்தி விட்டுச்சென்ற தெம்பனிஸ் ரோவர்ஸ் கழகத்தின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றவர் அக்பர் நவாஸ் என்னும் சிங்கப்பூர்க்காரர். அவரே 2018இல் சென்னை சிட்டி கழகத்திற்குப் பயிற்சியாளராக வந்தார். பெயரில் சென்னை இருந்தாலும் அக்கழகம் அந்நாளில் ஆடியது நம் கோவை நேரு விளையாட்டரங்கில். முந்தைய பருவத்தில் எட்டாமிடத்தில் நின்ற அக்குழு, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியிடம் முதல் கோலை வாங்கிய பின்னும் கலங்காமல் 3-1 என வென்று, ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. 43 புள்ளிகள்; ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே புள்ளியில் வரலாறு. அதே ஆண்டு அக்கழகத்தில் 26 விழுக்காடு பங்கு பெற்றது, சுந்தரமூர்த்தி ஒருகால் ஆடிய அதே பாசல் கழகம். இன்று அக்குழு தேசிய லீகில் இல்லை. ஆயினும் அந்நாளில் வ.உ.சி. பூங்காவின் அருகே எழுந்த ஆரவாரம் கேட்டவர் செவியில் இருக்கும்.

விலக்கப்பட்ட அம்மாணவனைப் பல ஆண்டுகளுக்குப் பின் சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டேன். தன் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் பேச்சுப் பயிற்சி தருவதாகச் சொன்னார். வியந்து, என்ன கற்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். “மொதல்ல எழுதுனத மனப்பாடம் பண்ணச் சொல்றனுங்க ஐயா. மத்ததெல்லாம் அப்புறந்தானுங்க” என்றார். நான் தலைகுனிந்தேன். அவர் என்னை மன்னித்துவிட்டாரா, அன்றி நான் செய்ததையே தானும் செய்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இப்போது எண்ணிப் பார்க்கையில், நான் சொல்லத் தவறிய ஒரு சொல்லை அவர் சேர்த்திருக்கிறார் என்று தெரிகிறது. ‘அப்புறம்’ என்பதே அச்சொல். ஒழுங்கை முதலில் கொடுத்து, பறப்பதற்கு ஒரு நாளையும் குறித்து வைப்பவரே நல்லாசிரியர். அந்த ‘அப்புறத்தை’ நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

இவ்வட்டம் தன் மலர்களில் கவிஞர்களைப் போற்றுகிறது, மகிழ்ச்சி. அக்கவிஞர்களுக்கு யாப்பைச் சொல்லிக்கொடுத்து ஒதுங்கி நின்றவர்களையும், திடலில் ஊதுகுழலோடு நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்களையும் அடுத்த பத்தாண்டில் நினைவுகூருமாறு வேண்டி அமைகிறேன்.