முதல் பாடம் பல் துலக்குவது
(பிள்ளைக்காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் நீட்டிப் பேசப் போவதில்லை. வியட்நாம் நாட்டில் உடற்குறையுள்ள பிள்ளைகள் தொழில் பழகும் ஓர் இடத்தைப் பற்றி, வாசித்து அறிந்ததைச் சொல்லுகிறோம்.

மலையிலே புல்லுக்கு மருந்து அடிப்பது நமக்குத் தெரியும். வியட்நாம் யுத்தத்தில், 1961 முதல் 1971 வரை, அமெரிக்க இராணுவம் விமானத்திலிருந்து காட்டுக்கும் பயிருக்கும் மேலே இலை உதிர்க்கும் மருந்தைத் தெளித்தது. 7 கோடி லீற்றருக்கு மேல்! அதில் பெரும்பகுதி ‘ஏஜென்ட் ஒரேஞ்ச்’. அதிலே டயொக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது. அந்த நஞ்சு பட்ட குடும்பங்களில் குறையோடு பிறந்த பிள்ளைகள் ஏராளம் என்று அந்த நாடு சொல்லுகிறது.

அந்த யுத்தத்தில் சண்டை போட்ட ஜோர்ஜ் மைசோ என்ற அமெரிக்கச் சிப்பாய்தான், பின்னாளில் இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டுமென்று பாடுபட்டார். பல நாட்டுப் பழைய படைவீரர்களும் கைகொடுத்தார்கள். 1998ஆம் ஆண்டு, தலைநகர் ஹனோய்க்குப் பக்கத்தில் ‘நட்புக் கிராமம்’ திறக்கப்பட்டது. மைசோ 2002இல் காலமானார். அவர் போனாலும் கிராமம் நின்றுவிடவில்லை.

அங்கே நாள் எப்படிப் போகிறது? முதல் பாடம் எழுத்து அல்ல. பல் துலக்குவது, முகம் கழுவுவது, சட்டை போடுவது, தானாகச் சாப்பிடுவது. இதெல்லாம் ஒரு பாடமா என்று நினைப்பீர்கள். பிள்ளை தானே சாப்பிட்டால், தாய்க்கு இரண்டு கையும் மிச்சம் அல்லவா?

பிறகு வகுப்பு. வயதைப் பார்த்துப் பிரிப்பதில்லை. பிள்ளைக்கு எது முடியும் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்குத் தையல், துணியிலே நூல் வேலை, பூ செய்வது, கம்பியூட்டர் என்று தொழில் பழக்குகிறார்கள். கை கால் வராதவர்களுக்குப் பயிற்சிச் சிகிச்சை உண்டு. சில வருடம் பழகிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள்.

இன்னொருவர் கதையும் கேளுங்கள். நுயென் கோங் ஹுங் என்பவர் 1982இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தசைகள் செயலிழந்து போயின. அவர் வீட்டிலிருந்தே கம்பியூட்டர் பழகி, 2003இல் தன்னைப் போன்ற இளைஞர்களுக்கு வகுப்புத் தொடங்கினார். 2012இல் அவர் இறந்தார். அசைய முடியாதவரே ஆசிரியராய் இருந்தார் என்றால், “இதுக்கு ஒண்ணும் வராது” என்று நாம் எப்படிச் சொல்வது?

நம்ம லயத்திலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. ஆள் வந்தால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிற வீடும் உண்டு. வெட்கம் மட்டுமல்ல, பயமும்தான். “நாங்க கண்ணை மூடினா இதை யாரு பாப்பா?” என்று தாய்மார் கேட்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை. நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாங்களும் பெயரைப் பதிந்துகொண்டு போனதோடு சரி. அது எங்கள் பிழை.

நட்புக் கிராமம் போல ஒன்றை நாளைக்கே கட்டிவிட முடியாது. ஆனால் அங்கே நடக்கிற முதல் பாடத்துக்குக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு கோப்பை போதும். இன்று இரவு தேத்தண்ணீரை ஆற வைத்து, பிள்ளையின் கையிலேயே கோப்பையைக் கொடுங்கள். சிந்தும். சிந்தட்டும். நாளைக்கும் கொடுங்கள். அது பழகினால் பிறகு சட்டைப் பொத்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

அடுத்த மாதம் நாங்கள் வீடு வீடாக வருவோம். இந்த முறை பெயர் பதிய அல்ல. பிள்ளை என்ன பழகியது என்று பார்க்க. அப்போது பிள்ளையை உள்ளே வைக்காதீர்கள். இஸ்தோப்பிலே உட்கார வையுங்கள்.